அவள் எழுதாத பதில்கள்

அத்தியாயம் 9

ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுந்தரையில். போன வாரம் நம் டிசைனரை வாசல் கதவருகே இப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் வந்து பார்த்தால் அப்படியேதான் நிற்கிறாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடம் அவள் வேலை பார்த்த விளம்பர ஆபீஸை மூடி ஏழு வாரம் ஆகிறது. கூட வேலை போன ஐந்து பேரும் யாரையோ பிடித்து எங்கேயோ ஒட்டிக்கொண்டார்கள். இவளுக்கு யாரையும் பிடிக்கத் தெரியாது. எழுத்துக்கு எழுத்து எத்தனை இடைவெளி விட வேண்டும் என்று கேளுங்கள், சொல்வாள். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்கச் சொல்லுங்கள், நின்றுபோன தன் கடிகாரத்தை அங்கேயே பிரித்துப் பழுது பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

அவள் புருஷன் அப்படியே நேர் எதிர். மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவன். கடையில் அவனுக்குப் பெயர் ‘ரேடியோ’. இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர் தன் மகளின் கல்யாணக் கவலை வரை சொல்லிவிட்டுத்தான் மீதிச் சில்லறையை வாங்குவார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் இணையத்தில் டிசைனர்கள் குழு ஒன்றில் சேர்ந்தாள். இருநூறு பேர் இருக்கும் குழு. தான் வரைந்ததைப் போட்டாள். யாரோ ‘பிரமாதம்’ என்று எழுதினார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நன்றின்னு போடேன்,” என்றான் ரேடியோ.

“நீங்களே போட்டுடுங்க.”

அன்றிலிருந்து அப்படித்தான். படம் அவளுடையது, பேச்சு அவனுடையது. அவன் என்ன பேசுகிறான் என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. தொல்லை விட்டது என்று நினைத்தாள்.

இன்று அந்தக் குழு முதல் முறையாக நேரில் கூடுகிறது. ‘கண்டிப்பா வர்றேன்!’ என்று அவள் பெயரில் பதில் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“அண்ணி, இன்னொரு செருப்பு தானா நடந்து வராது. நீங்கதான் காலை விடணும்.”

இது நாத்தனார். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜை அவளுடையது. அண்ணனுக்கு வாய்த்த வாயில் பாதியாவது தங்கைக்கும் வந்திருக்கிறது. மதியம்தான் டூட்டி என்பதால், காலையிலேயே வந்து அண்ணிக்குச் சட்டை தேர்ந்தெடுத்து, தலை வாரி, பாடமும் நடத்திக்கொண்டிருந்தாள்.

“மூணே மூணு பேர் அண்ணி. மூணு பேர்கிட்ட பேசிட்டா கிளம்பி வந்துடலாம்.”

“என்ன பேசறது?”

“பேரைச் சொல்லுங்க, வேலையைச் சொல்லுங்க. அப்புறம் அவங்களைப் பத்திக் கேளுங்க. தன்னைப் பத்திப் பேசச் சொன்னா எந்த மனுஷன் நிறுத்தியிருக்கான்? நீங்க தலையை ஆட்டினாப் போதும்.”

“ம்.”

“இந்த ‘ம்’தான் வேணாங்கறேன்! நாள் முழுக்க ‘வாயைத் திறங்க, வாயைத் திறங்க’ன்னு டாக்டர் சொல்றதைக் கேட்டுட்டு இருக்கேன். அவர் பார்த்ததைவிடக் கஷ்டமான கேஸ் எங்க வீட்லதான் இருக்கு.” சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். “பயமா இருக்கா?”

டிசைனர் யோசித்தாள். பயம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

“இல்லை. ஒண்ணுமே இல்லை.”

அதுதான் உண்மை. பதினான்கு மாதமாக அவளுக்கு ஒன்றுமே இல்லை. ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. ஒன்பதாம் நாள் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்தாள். ஆபீஸை மூடியபோது பெட்டியில் தன் பேனாக்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. மற்றவர்கள் அழுதபோது தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

“ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கீங்க அண்ணி. எங்க கிளினிக்ல பார்க்கிறேனே. கன்னத்தைக் கிள்ளினாலும் தெரியாது, சிரிச்சுட்டே வீட்டுக்குப் போவாங்க. மூணு மணி நேரம் கழிச்சுத்தான் வலிக்குதுன்னு போன் வரும்.”

சொன்ன பிறகு நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையில் மூன்று சுவர்களுக்கு இள மஞ்சள் அடித்து முடித்திருந்தார்கள். நான்காவது சுவர் பூச்சு வெள்ளையோடு அப்படியே நிற்கிறது. அவள் வேலை மேஜை இப்போது அதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது. எந்நேரமும் ஒலிக்கும் ரேடியோ கூட அந்த ஒரு ஸ்டேஷனை எடுப்பதில்லை.

டிசைனர் இரண்டாவது செருப்பையும் மாட்டினாள்.

*

கூட்டம் நடந்தது பழைய கிடங்கு ஒன்றைச் சீர் செய்து கட்டிய கூடத்தில். வாசலில் ஸ்டிக்கரும் பேனாவும் வைத்திருந்தார்கள். பெயரை எழுதிச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நம்மவள் முதல் ஸ்டிக்கரில் எழுதினாள். கடைசி எழுத்து விளிம்பை இடித்தது. கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தாள். பின்னால் வரிசை நின்றது. மூன்றாவது ஸ்டிக்கர்தான் சட்டைக்குப் போனது.

உள்ளே போய் டீ வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையில் கப் இருந்தால் கை குலுக்க வேண்டாம். சுவரோரமாக நின்று மேடைத் தட்டியைப் படித்தாள். மூன்று வகை எழுத்துரு, மூன்றுக்கும் சண்டை. அதையே பார்த்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரை ஓட்டிவிடலாம்.

“நீங்களா! ஐயோ, நீங்களேதானா?”

தாடி வைத்த ஒருவர். பிஸ்கெட் பாக்கெட், சோப்பு டப்பா வரைகிறவராம். அவள் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“உங்க ஜோக்குக்காகவே நான் அந்தக் குரூப்ல இருக்கேன் மேடம். அந்தக் கஸ்டமர் கதை, ‘லோகோவைக் கொஞ்சம் பெருசாக்குங்க’ன்னு சொல்லிச் சொல்லிக் கடைசியில பக்கம் பத்தாமப் போச்சே! என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன்.”

அவள் தலையை ஆட்டினாள்.

“அப்புறம் எங்கம்மா முட்டிக்கு ஒரு களிம்பு சொன்னீங்களே. இப்ப மாடிப்படி ஏறறாங்க. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்னு சொன்னீங்க பாருங்க, அது எந்த டாக்டரும் சொல்லலை.”

ஒரு டிசைனருக்கு மாத்திரை போடும் நேரம் எப்படித் தெரியும் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து ஒரு பெண் வந்து கட்டிக்கொண்டாள். வேலை கிடைக்காமல் திணறியபோது தினமும் காலையில் இவள்தான் தைரியம் சொன்னாளாம். இன்னொருவர் தன் மகன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று வந்து சொன்னார். இவள்தான் முதலில் கேட்டிருந்தாளாம். மூன்று பேர் கணக்கு பதினைந்து நிமிடத்தில் முடிந்து, ஏழு எட்டு என்று போனது. எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டே இருப்பது போல அவளுக்கு இருந்தது.

“உங்களைத்தான் தேடிட்டு இருக்கேன்.”

நரைத்த முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்த ஒரு அம்மாள். பெரிய கட்டடங்களுக்கு வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கும் நிறுவனத்தை நடத்துகிறவர். எந்தப் பக்கம் லிஃப்ட், எந்தப் பக்கம் கழிப்பறை, எந்தப் பக்கம் வெளியே என்று நாம் அண்ணாந்து பார்க்கிறோமே, அந்தப் பலகைகள். குழுவில் எல்லோரும் அவரிடம் வேலைக்கு ஏங்குகிறவர்கள். நாம் அவரைப் பலகைக்காரம்மா என்றே சொல்வோம்.

அவர் அவளை ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

“புதுசா ஒரு ஆஸ்பத்திரி கட்டறாங்க. தாய்க்கும் குழந்தைக்கும். பலகை வேலை முழுக்க எங்களுக்கு வந்திருக்கு. ரெண்டு வருஷ வேலை, நாலு பேர் டீம். தலைமைக்கு உங்களைக் கூப்பிடலாம்னு இருக்கேன்.”

இந்த ஏழு வாரத்தில் அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை இது. வீட்டு வாடகை முதல் அவள் மானம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே பதில். வேறு யாராவது என்றால் துள்ளியிருப்பார்கள். அவள் கப்பில் டீ கூட அசையவில்லை.

“ஏன் நான்?”

அந்தக் கூடத்துக்குள் வந்து அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது.

“நீங்க எழுதினதாலதான். ஆஸ்பத்திரியில யாராவது வழி தவறியிருக்கீங்களான்னு குரூப்ல கேட்டேன், ஞாபகம் இருக்கா? எல்லாரும் ஏதோ வேடிக்கையா எழுதினாங்க. நீங்க மட்டும் தனியா எனக்கு எழுதினீங்க. ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே வரலை.”

பலகைக்காரம்மா போனைத் திறந்து நீட்டினார். ஓரத்தில் அவள் வரைந்த சின்ன மஞ்சள் சதுரம், அவளுடைய அடையாளப் படம். அதன் பக்கத்தில் இருந்ததை அவள் முதல் முறையாகப் படித்தாள்.

‘வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு வெளியே போற வழி தெரியலை. அம்புக்குறியைப் பார்த்துட்டே நடந்தேன். அது பிரசவ வார்டுக்குள்ள கொண்டு போய் விட்டுச்சு. பதினோரு கதவு. எல்லாக் கதவுக்குப் பின்னாடியும் குழந்தை அழற சத்தம். கையில துணிப்பை மட்டும் இருந்துச்சு. பையில குழந்தைக்கு எடுத்துட்டுப் போன துண்டு. வெளியேன்னு ஒரு பலகை கூட இல்லை. குழந்தையோட போறவங்களுக்குத்தான் வழி போட்டிருந்தாங்க. வீட்ல மூணு சுவருக்கு மஞ்சள் அடிச்சாச்சு. நாலாவது சுவரை இன்னும் தொடலை. தொட்டா முடிஞ்சு போயிடும்.’

மேலே தேதி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அவளுக்கு அந்த ஞாயிறு நினைவிருந்தது. சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் போனில் தட்டிக்கொண்டே இருந்தான். யார் என்று கேட்டாள். ‘யாரோ எழுத்துரு பேர் கேட்கறாங்க’ என்றான். அவள் அப்பால் திரும்பி டிவி பார்த்தாள்.

“திங்கட்கிழமை வாங்க,” என்றார் பலகைக்காரம்மா. “முதல் வேலை, அன்னிக்கு நீங்க நடந்த வழியை எனக்கு வரைஞ்சு காட்டணும். எங்க தப்புன்னு அதிலேயே தெரியும்.”

“ம்,” என்றாள் டிசைனர்.

*

அவள் நடக்கவே இல்லை. அதுதான் சிக்கல்.

அன்று அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து நர்ஸ் பின்பக்க லிஃப்டில் இறக்கிவிட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு மேலிருந்தே முன்பக்க வழியாக டாக்சி பிடிக்கப் போனான். இருபத்தைந்து நிமிடம் ஆளைக் காணோம். வாசலில் தனியாக உட்கார வைத்துவிட்டு எங்கே யாரிடம் பேசிக்கொண்டு நிற்கிறானோ என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வந்ததும் “டாக்சி கிடைக்கலை” என்றான். அந்த எரிச்சலை அவள் பதினான்கு மாதமாக விடாமல் வைத்திருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. போனைத் திறந்து, இரண்டு வருடமாக அவன் மட்டுமே புழங்கிய அந்தப் பக்கத்துக்குப் போனாள்.

பதினோரு வருடத்தில் அடுத்தவர் போட்ட ஒரு கோட்டைக் கூடத் தன் பெயரில் அவள் காட்டியதில்லை. கூட வேலை பார்த்த சிலர் காட்டினார்கள், பிழைத்தார்கள். அவளால் முடியாது. திங்கட்கிழமை போய் அவன் நடந்த வழியைத் தன் வழி என்று வரைய வேண்டும் என்றால், இந்த வேலை வேண்டாம். ஒரு ஜோக் போனால் போகிறது. இது அப்படி இல்லை.

பலகைக்காரம்மாவுக்கு எழுதினாள்: ‘அதை எழுதினது நான் இல்லை. என் வீட்டுக்காரர். அந்த வழியில நடந்ததும் அவர்தான். நான் நடக்கலை, அதனால எனக்கு வரையத் தெரியாது. இன்னிக்கு நேர்ல சொல்ல வாய் வரலை. மன்னிக்கணும்.’

அனுப்பினாள். நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டார். பதில் இல்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவள் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே, மருந்துக்கடை வாசலில் இறங்கினாள்.

*

கவுண்டரில் மூன்று பேர் நின்றார்கள். அவளும் போய் வரிசையில் நின்றாள்.

“இது சாப்பிட்ட அப்புறம், இது சாப்பிடறதுக்கு முன்னாடி. மாத்திப் போட்டீங்கன்னா வயிறு உங்களை மாத்திப் போட்டுடும்,” என்று ரேடியோ ஒருவரைச் சிரிக்க வைத்து அனுப்பினான். அடுத்தவரிடம் அவர் நாயைப் பற்றி விசாரித்தான். நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தான்.

“என்ன, அதுக்குள்ள வந்துட்டே? தங்கச்சி சொன்ன மாதிரி மூணு பேர்கிட்ட பேசினியா?”

“எல்லாரும் பேசினாங்க. உங்ககிட்ட.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

“இருபத்தஞ்சு நிமிஷம்,” என்றாள் அவள்.

“என்னது?”

“அன்னிக்கு டாக்சி கிடைக்கலைன்னு சொன்னீங்களே.”

ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கவுண்டர்காரனைக் கண்ணால் கூப்பிட்டு, வரிசையை அவன் பக்கம் தள்ளிவிட்டான். ஊருக்கே வாய் ஓயாதவன், இந்த ஒன்றை மட்டும் கிணற்றில் போட்ட கல்லாக வைத்திருந்தான்.

“அந்தம்மா காட்டிட்டாங்களா?”

“ம்.”

“உன் பேர்ல எழுதியிருக்கக் கூடாது. தெரியும். என் பேர்ல எழுத வரலை. உன் பேர்ல எழுதினா எழுத வந்துச்சு.” அவன் குரல் தணிந்தது. “வீட்ல பேசினா நீ உடைஞ்சு போயிடுவேன்னு நினைச்சேன்.”

“நான் உடையலைன்னுதான் நீங்க பேசலைன்னு நினைச்சேன்.”

அவன் மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருப்பி லேபிள் தெரிகிற மாதிரி வைத்தான். எல்லாம் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தன.

“வரைஞ்சு காட்டுங்க,” என்றாள்.

“என்னத்தை?”

“எந்த வழியா போனீங்கன்னு.”

“எனக்கு எங்க வரைய வரும்?”

“எனக்குப் பேச வராது. போயிட்டு வரலையா?”

மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதக் கவர் ஒன்றை எடுத்து, காதில் செருகியிருந்த பேனாவால் அவன் கோடு போட ஆரம்பித்தான். படிக்கட்டு. வளைவு. கோணல்மாணலாக ஒரு நீள நடை. இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டங்கள். அவள் எண்ணினாள். பதினொன்று. ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கு அப்பால் கோடு திரும்பி ஒரு கட்டத்தில் போய் நின்றது. பேனா அங்கேயே ஊன்றி, மை கசிந்தது.

“இது என்ன?”

“பதிவு பண்ற ஜன்னல். வழி கேட்கலாம்னு போனேன். உள்ளே இருந்த பொண்ணு நான் கையெழுத்துப் போட வந்ததா நினைச்சுட்டா. ஒரு ஃபாரத்தை நீட்டினா.” அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். “தேதி, நேரம், எடை எல்லாம் அவங்களே எழுதியிருந்தாங்க. பேருங்கற இடம் மட்டும் காலியா இருந்துச்சு. ‘கட்டாயம் இல்லை சார், அப்படியே விட்டுடலாம்’னு சொன்னா.”

“விட்டுட்டீங்களா?”

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

“விட முடியலை. எழுதிட்டேன்.”

அப்போதுதான் அவளுக்கு வலித்தது. எங்கே என்று தெரியாமல், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில். கவுண்டர் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு குழந்தைக்குப் பெயர் இருந்திருக்கிறது. பதினான்கு மாதமாக அந்தப் பெயர் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்து, அந்த ஆள் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

அவன் கவரை இழுத்து, அந்தக் கட்டத்துக்குள் எழுதப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள்.

“எழுத வேணாம்.”

“நீதானே...”

“நாலு மணிக்கு ஷிப்ட் முடியுதில்ல? வீட்டுக்கு வாங்க. அந்த ரூம்ல உட்கார்ந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்து, வாயால சொல்லுங்க.”

அவன் பேனாவை மூடிக் கவுண்டரின் மேல் வைத்தான். அவள் கவரை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்போது அவள் போன் அடித்தது. எழுத்துப் பதில் இல்லை, நேரடி அழைப்பு. பலகைக்காரம்மா.

அழைப்பு வந்தால் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ‘கவனிக்கவில்லை’ என்று செய்தி அனுப்பச் சொல்வதுதான் அவள் வழக்கம். அந்தச் செய்தியை அனுப்புகிறவனும் வழக்கப்படி கையை நீட்டினான்.

“குடு, நான் சொல்லிக்கறேன். நான் பண்ணின தப்பு.”

அவள் கொடுக்கவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்தி, காதில் வைத்தாள்.

“சொல்லுங்கம்மா,” என்றாள். “நான்தான் பேசறேன்.”